பிரேக் ஆயில்: விளக்கெண்ணெயிலிருந்து டாட் 5 வரை



"பிரேக் ஆயில்" என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். மெக்கானிக் கடையிலும் அதற்கு அதுதான் பெயர். ஆனால் இன்று அந்தப் பெயரில் டப்பாவில் கிடைக்கிற திரவத்தில் ஆயில் என்று எதுவும் இல்லை. தெரியாத்தனமாக அதில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்துவிட்டால், உள்ளே இருக்கிற ரப்பர் பாகங்கள் ஊதிப்போய், கடைசியில் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். பிறகு ஏன் இதற்கு ஆயில் என்று பெயர் வந்தது? ஒரு காலத்தில் அது நிஜமாகவே எண்ணெயாகத்தான் இருந்தது. அதுவும் நம் வீட்டில் பாட்டி பிடித்து வைத்துக்கொண்டு வாயில் ஊற்றுகிற விளக்கெண்ணெய்! :-)

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கிற ஒரு சந்தேகம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 1950-களிலோ 60-களிலோ செய்த காருக்கு இன்று கடையில் கிடைக்கிற எந்த பிரேக் ஆயிலை ஊற்றுவது? டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1 என்று நான்கு டப்பா இருக்கிறது. "பெரிய நம்பர்தானே நல்லது, அதையே ஊற்று" என்று சொல்லத் தோன்றும். நான் பி.காம். படிக்கிற ஆள். சோப்பில் இருந்து செல்போன் வரை பெரிய நம்பர் போட்டதுதான் உசத்தி என்று வாடிக்கையாளரை நம்பவைப்பது எப்படி என்பதை வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரம் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயிலின் வரலாறு பாதிக்கு மேல் ரப்பரின் வரலாறு. எந்த ஆயில் ஊற்றுவது என்பதைக் காருக்குள் இருக்கிற ரப்பர்தான் முடிவு செய்கிறது. கதை முழுக்க இதையே திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

கம்பியிலிருந்து குழாய்க்கு

ஆரம்ப காலத்துக் கார்களில் பிரேக் என்றால் கம்பியும் கேபிளும்தான். சைக்கிள் பிரேக் மாதிரி. பெடலை மிதித்தால் கம்பி இழுபடும், கம்பி இழுத்தால் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் பிரேக் இருந்தவரை இது ஒருவழியாக ஓடியது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும் என்று வந்தபோதுதான் சிக்கல். நான்கு கம்பியும் ஒரே அளவு இழுக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் தளர்ந்தாலும் பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். முன்சக்கரமோ ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பக்கூடியது, அதற்குக் கம்பி கட்டுவது இன்னும் கஷ்டம்.

பதில் பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதியில் இருந்தது. மூடிய திரவத்தில் ஒரு இடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். கம்பிக்குப் பதில் குழாயில் திரவம் இருந்தால், ஒரு பெடலை மிதித்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தத்தை அனுப்பலாம். யாரும் கம்பியின் நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இதைக் காரில் கொண்டுவந்ததில் முக்கியமான ஆள் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். ஆமாம், விமானம் செய்கிற லாக்ஹீட்தான். மால்கமும் தம்பி ஆலனும் சேர்ந்து முதலில் விமானம்தான் செய்தார்கள். ஆலன் விமானத்தோடு போனார், மால்கம் பிரேக் பக்கம் வந்துவிட்டார். 1917-ல் தன் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை கோரினார்.

1921-ல் டூசன்பர்க் கம்பெனி தன் மாடல் ஏ காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்தது. அதே 1921 ஜூலையில் பிரான்சில் லே மான் நகரத்தில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி டூசன்பர்க் காரை ஓட்டி ஜெயித்தார். அந்தக் காரிலும் ஹைட்ராலிக் பிரேக்தான்.

ஆனால் டூசன்பர்க் பணக்காரர்களின் கார். சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலைக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுவந்தவர் வால்டர் கிரைஸ்லர். 1924-ல் வந்த கிரைஸ்லர் சிக்ஸ் காரில் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. முதல் வருஷமே சுமார் 32,000 கார் விற்றது. புது பிராண்டுக்கு இது பெரிய எண்ணிக்கை.

தோல் போய் ரப்பர் வந்தது

இந்த இடத்தில்தான் நம் கதையின் நாயகன் உள்ளே வருகிறார். லாக்ஹீட் வடிவமைப்பில் சிலிண்டருக்குள் திரவம் கசியாமல் தடுக்கத் தோலில் செய்த கிண்ணம் மாதிரியான பாகங்கள் இருந்தன. கிணற்றடி அடிபம்பில் தோல் வாஷர் போடுவார்களே, கிட்டத்தட்ட அந்த யோசனைதான். ஆனால் அது கசிந்துகொண்டே இருந்தது. கிரைஸ்லரின் பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் கப் போட்டார்கள். கசிவு நின்றது. ஹைட்ராலிக் பிரேக் சாதாரண சாலைக்கு வந்தது இந்த ரப்பரின் தயவால்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ரப்பர் வந்ததும் புதுக் கேள்வி ஒன்று வந்தது. குழாயில் எந்தத் திரவத்தை விடுவது?

தண்ணீர் உறைந்துபோகும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கனிம எண்ணெய், அதாவது பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய், ரப்பருக்கு விஷம். நம்ப முடியாதவர்கள் ஒரு ரப்பர் பேண்டை ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பாருங்கள். காலையில் அது ஊதி, கொழகொழவென்று ஆகியிருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப்புக்கும் இதே கதிதான். ஊதினால் சிலிண்டருக்குள் இறுகி மாட்டிக்கொள்ளும், பெடலை விட்டாலும் பிரேக் விடாது. அதே ரப்பர் நைந்து கிழிந்தால் திரவம் வழிந்துவிடும், பெடல் தரையைத் தொடும்.

கிளிசரின், ஆல்கஹால் என்று என்னென்னவோ முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் பலரும் வந்து சேர்ந்த இடம் விளக்கெண்ணெய். அதற்குக் காரணம் இருக்கிறது. விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரை அவ்வளவாக ஊத வைக்காது. நன்றாக வழுக்கும். இன்னொரு முக்கியமான குணம், மற்ற சமையல் எண்ணெய்கள் போலில்லாமல் இது ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். விளக்கெண்ணெய் தனியாக இருந்தால் ரொம்பக் கெட்டி, குளிரில் நகரவே நகராது. ஆல்கஹால் கலந்தால் இளகிவிடும். ஆக, விளக்கெண்ணெய் பாதி, ஆல்கஹால் பாதி என்கிற மாதிரி ஒரு கலவை பிரேக் ஆயில் ஆனது. சோவியத் யூனியனில் பி.எஸ்.கே. என்ற பெயரில் சிவப்பு நிற பிரேக் ஆயில் ஒன்று பல காலம் புழங்கியது. அது பியூட்டைல் ஆல்கஹாலும் விளக்கெண்ணெயும் பாதிக்குப் பாதி.

(இனிமேல் யாராவது உங்களை "டேய் விளக்கெண்ணெய்" என்று திட்டினால் வருத்தப்படாதீர்கள். உலகத்தில் பாதிக் காரை நிறுத்தியவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்!)

எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. ஹென்றி ஃபோர்டுக்குக் குழாய்க்குள் ஓடுகிற திரவத்தின் மேல் நம்பிக்கையே இல்லை. பெடலில் இருந்து சக்கரம் வரை எல்லாம் உருக்கு, அதுதான் பத்திரம் என்று ஃபோர்டு விளம்பரமே செய்தது. 1928-ல் வந்த மலிவான பிளிமத்தில் கூட ஹைட்ராலிக் பிரேக் இருந்தபோது, ஃபோர்டு கார்களுக்கு 1939 மாடலில்தான் அது வந்தது. ஃபோர்டின் பயத்தை முழுக்க முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அந்தக் காலத்து ஹைட்ராலிக் பிரேக் பெரும்பாலும் ஒரே இணைப்பு. எங்காவது ஒரு ரப்பர் கப் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். பழைய கார்க்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

மலாயா விழுந்த கதை

1942-ல் ஜப்பான் மலாயாவையும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் ஒரே அடியாக நின்றுபோனது. மலாயாத் தோட்டங்களில் அந்தப் பாலை வடித்தவர்களில் பெரும்பகுதியினர் நம் ஊரிலிருந்து போன தமிழர்கள். தோட்டம் நின்றதும் அவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. பிரேக் ஆயிலைப் பற்றிப் படிக்க உட்கார்ந்த எனக்கு இந்த இடத்தில் நம் ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று தோன்றவே இல்லை.

ரப்பர் இல்லாமல் போரே நடத்த முடியாது என்ற நிலையில் அமெரிக்க அரசாங்கம் செயற்கை ரப்பரில் இறங்கியது. ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் சேர்த்துச் செய்த ரப்பர், சுருக்கமாக எஸ்.பி.ஆர். போர் முடிந்த பிறகும் இது போகவில்லை. பிரேக் சிலிண்டர் கப்புகளுக்கும் இதுவே வந்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் திரவமும் மாறத் தொடங்கியது. விளக்கெண்ணெய்-ஆல்கஹால் கலவைக்கு ஒரு பலவீனம் உண்டு. எத்தில் ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பியூட்டைல் ஆல்கஹால் சுமார் 118-ல். கார்கள் வேகமாகவும் கனமாகவும் ஆக ஆக இது போதவில்லை. கிளைக்கால் ஈதர் வகை ரசாயனங்கள் அந்த இடத்துக்கு வந்தன. இவை அதிகச் சூட்டைத் தாங்கும், செயற்கை ரப்பரோடு ஒத்துப்போகும். இன்று டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று விற்பதெல்லாம் இந்தக் குடும்பம்தான். எண்ணெய் போய்விட்டது, "ஆயில்" என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பிரிட்டிஷ் காரும் அமெரிக்க ஆயிலும்

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் கதை வேறு. பிரிட்டனில் பிரேக் செய்கிற பெரிய கம்பெனிகளில் ஒன்று கேர்லிங். அவர்கள் போருக்குப் பிறகும் இயற்கை ரப்பரையே தொடர்ந்தார்கள். அதற்கென்றே தனி ஆயில், பெயர் கேர்லிங் கிரிம்சன். பிறகு ஆம்பர் வந்தது.

எம்.ஜி., ட்ரையம்ப் மாதிரி பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1950-களில் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போயின. அங்கே ஆயில் குறைந்தால் பக்கத்தில் இருக்கிற கடையில் கிடைத்த அமெரிக்க ஆயிலை ஊற்றினார்கள். அமெரிக்க ரப்பருக்குப் பொருத்தமான ஆயில், பிரிட்டிஷ் இயற்கை ரப்பருக்குப் பொருந்தவில்லை. கப் ஊதி, கிளட்ச்சும் பிரேக்கும் மக்கர் செய்தன. "கேர்லிங் ஆயில் தவிர வேறெதையும் ஊற்றாதே" என்று கம்பெனி சொன்னதற்குப் பின்னால் வியாபாரம் மட்டும் இல்லை, நிஜமான காரணமும் இருந்தது. எங்கள் பாடத்தில் இதை வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் உத்தி என்பார்கள். இங்கே கட்டிப்போட்டது ரப்பர்!

கொதிக்கும் ஆயில்

1953-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. ஓட்டியவர்கள் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன். அந்தக் காரில் டன்லப் டிஸ்க் பிரேக். அதன் பிறகு டிஸ்க் பிரேக் சாலைக் கார்களுக்கும் வந்தது. 1955-ல் சிட்ரோயன் டி.எஸ்., 1956-ல் ட்ரையம்ப் டி.ஆர்.3.

டிஸ்க் பிரேக்கில் பேட் டிஸ்கை நேராகக் கவ்வுகிறது. பேடின் முதுகிலேயே ஆயில் இருக்கிறது. அதனால் சூடு சீக்கிரம் ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதித்தால் என்ன? திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆவியை அமுக்கலாம். குழாய்க்குள் ஒரு குமிழி ஆவி வந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. இது நடப்பது எப்போது என்றால் பிரேக் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில், அதாவது மலை இறங்கும்போது.

கிளைக்கால் வகை ஆயிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. உப்பு மாதிரி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். அதனால்தான் இரண்டு கொதிநிலை சொல்கிறார்கள். புதிதாகத் திறந்த டப்பாவுக்கு ஒன்று, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு ஒன்று. டாட் 3-க்குக் குறைந்தபட்சம் 205, 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. டாட் 5-க்கும் 5.1-க்கும் 260, 180. இவற்றில் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். ஐந்து வருஷமாக மாற்றாத டாட் 4, புது டாட் 3-ஐ விட மோசமாக இருக்கலாம்.

வணிகத் துறை போட்ட சட்டம்

சந்தையில் ஆளாளுக்கு ஒரு திரவத்தை பிரேக் ஆயில் என்று விற்கும்போது வாங்குபவருக்கு நல்லது எது, போலி எது என்று தெரியாது. தண்ணீர் மாதிரி இருக்கும், எல்லாம் ஒன்றுபோல இருக்கும். 1962 செப்டம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. விற்கப்படும் பிரேக் ஆயில் வணிகத் துறைச் செயலர் சொல்கிற தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சீட் பெல்ட்டுக்கு இப்படி ஒரு சட்டம் வந்தது அடுத்த வருஷம், 1963-ல்தான். காமர்ஸ் மாணவனாக இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது :-)

பிறகு அமெரிக்காவில் போக்குவரத்துத் துறை தனியாக உருவாகி, பொறுப்பு அங்கே போனது. அந்தத் துறையின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் "டாட்". அவர்களுடைய 116-ஆம் எண் தரத்தில் இருந்து வந்ததுதான் இன்று உலகம் முழுக்க டப்பாவில் பார்க்கிற டாட் 3, டாட் 4 எல்லாம். இந்தத் தரத்தில் ஆயிலை எஸ்.பி.ஆர். ரப்பர் கப்போடு சேர்த்துச் சூடாக்கி, கப் எவ்வளவு ஊதுகிறது என்று அளந்து பார்க்கிறார்கள். அதாவது டப்பா மேல் இருக்கிற உத்தரவாதம் அந்த வகை ரப்பருக்கு. உங்கள் தாத்தா காருக்குள் என்ன ரப்பர் இருக்கிறது என்று டப்பாவுக்குத் தெரியாது.

எண்களில் ஒரு பெரிய குழப்பமும் உண்டு. டாட் 5 சிலிக்கோன். டாட் 5.1 சிலிக்கோன் இல்லை, அது டாட் 3, டாட் 4-இன் தம்பி. பெயரைப் பார்த்து 5-ம் 5.1-ம் பக்கத்துப் பக்கத்து வீடு என்று நினைத்தால் போச்சு. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. தப்பு நடக்கக்கூடாது என்றுதான் டாட் 5 ஊதா நிறத்தில் இருக்க வேண்டும் என்று தரத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மற்றவை நிறமில்லாமல் இருந்து வெளிர் தேன் நிறம் வரை. கனிம எண்ணெய் வகைக்குப் பச்சை.

சிலிக்கோன் பழைய கார்க்காரர்களுக்கு ஆசை காட்டுகிற சமாச்சாரம். அது பெயின்ட்டை அரிக்காது (கிளைக்கால் ஆயில் ஒரு சொட்டு பானெட்டில் விழுந்தால் பெயின்ட் உரிந்துவிடும்). ஈரத்தை இழுக்காது. அதனால் வருஷக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற காருக்கு வசதி. அமெரிக்க ராணுவமும் 1980-களில் தன் வண்டிகளுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் உள்ளே எப்படியாவது தண்ணீர் வந்தால், ஆயிலோடு கலக்காமல் தாழ்வான இடத்தில் தனியாகத் தேங்கி அங்கேயே துருப்பிடிக்க வைக்கும். காற்றும் கொஞ்சம் கரைந்திருக்கும், பெடல் மெத்தென்று இருக்கும். கிளைக்கால் ஆயிலில் ஓடிய பழைய காரில் அப்படியே மேலே சிலிக்கோனை ஊற்றுவது கூடவே கூடாது. எல்லா ரப்பரும் மாற்றி, குழாயெல்லாம் சுத்தம் செய்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

சிவப்பா பச்சையா?

ரப்பர்தான் முடிவு செய்கிறது என்பதற்கு சிட்ரோயன் டி.எஸ். காரை விட நல்ல உதாரணம் இல்லை. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்தபோது ஒரே நாளில் சுமார் 12,000 பேர் ஆர்டர் கொடுத்த கார். அதில் ஒரே திரவம் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், கியர் எல்லாவற்றையும் இயக்கியது. முதலில் அது விளக்கெண்ணெய் குடும்பத்துத் திரவம், பிறகு செயற்கைத் திரவம். சிவப்பு என்று சொல்வார்கள். ஈரத்தை இழுத்து உள்ளே துருப்பிடிக்க வைத்துத் தொல்லை கொடுத்தது.

1966-ல் சிட்ரோயன் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறியது. கனிம எண்ணெய் ரப்பருக்கு ஆகாதே என்று கேட்பீர்கள். சரிதான். அதனால் காரில் இருந்த ரப்பர் அத்தனையையும் நைட்ரைல் வகைக்கு மாற்றினார்கள். பாகங்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து அடையாளம் வைத்தார்கள். ஆனால் அமெரிக்காவுக்குப் போன டி.எஸ்.களுக்கு மட்டும் அங்கத்து விதிமுறை காரணமாக 1969 வரை சிவப்புத்தான். சிவப்புக் காரில் பச்சை ஊற்றினாலும் பச்சைக் காரில் சிவப்பு ஊற்றினாலும் மொத்த அமைப்பும் காலி.

ரோல்ஸ்-ராய்ஸிலும் இதே கதை. 1965 முதல் 1980 வரை வந்த சில்வர் ஷேடோவுக்குக் கிளைக்கால் வகை ஆயில், 1980-ல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்குக் கனிம எண்ணெய். அண்ணன் தம்பி மாதிரி இரண்டு கார், ஆனால் ஆயிலை மாற்றி ஊற்றினால் செலவைக் கணக்கிடுவதற்கு சி.ஏ. படித்திருக்க வேண்டும்!

நம்ம ஊர் ஹெரால்டு

இப்போது நம் பக்கம். சென்னையில் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்கள். அது பிரிட்டிஷ் ட்ரையம்ப் ஹெரால்டுதான், பிரேக் கேர்லிங். 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். டி.வி.எஸ்.-கேர்லிங் என்ற பெயர் நம் ஊர் மெக்கானிக் கடைகளில் அப்படித்தான் பழக்கமானது.

என் பெரியப்பாவிடம் ஒரு ஹெரால்டு இருக்கிறது. பல வருஷமாக ஷெட்டிலேயே நிற்கிறது. அதைச் சரிசெய்து ஏற்காடு வரை ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஏறுவது கூடப் பரவாயில்லை, இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு. அதனால் எந்த ஆயில் என்பது எங்கள் வீட்டில் வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

முதலில் ஆயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம், ரப்பரைப் பாருங்கள். அந்தக் காலத்து ரப்பரை நம்பி ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், கிளட்ச் சிலிண்டர், ஹோஸ் என எல்லா ரப்பரும் புதிதாக மாற்றுங்கள். இன்று வருகிற கிட் பெரும்பாலும் செயற்கை ரப்பர். வாங்கும்போது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அது செயற்கை ரப்பர் என்றால் நல்ல கம்பெனி டாட் 4 போதும்.

பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவ விடாதீர்கள். பட்டறையில் எல்லாவற்றையும் அதில்தான் கழுவுவார்கள். மேலே சொன்ன மண்ணெண்ணெய், ரப்பர் பேண்ட் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டிலோ புது பிரேக் ஆயிலிலோ கழுவினால் போதும்.

ஏற்கெனவே உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் நாலு சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். தண்ணீரில் கலந்துவிட்டால் கிளைக்கால் வகை. மேலே மிதந்தால் கனிம எண்ணெயோ சிலிக்கோனோ வேறு எதுவோ. அப்படியென்றால் மேற்கொண்டு எதையும் ஊற்றாமல் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டியதுதான்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். பாதி ஊற்றி வைத்த பழைய டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள், அது ஈரம் குடித்திருக்கும். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

பெரியப்பா எல்லாம் கேட்டுவிட்டு, "டாட் 5 தான் விலை அதிகம்னு கடையில சொன்னான், அப்ப அதுதானே ஒசத்தி?" என்றார். மேலே எழுதியிருக்கிற மொத்தமும் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்.

நூறு வருஷத்தில் விளக்கெண்ணெய், கிளைக்கால், சிலிக்கோன், கனிம எண்ணெய் என்று நான்கு வகை வந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காருக்குச் சரியான ஆயில், இன்னொரு காருக்கு விஷம். உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால், அதன் பழைய சர்வீஸ் புத்தகத்தை எடுத்து என்ன ஆயில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு உள்ளே இப்போது இருக்கிற ரப்பர் அந்தப் புத்தகக் காலத்ததா, நேற்று மாற்றியதா என்று பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

அடுத்த முறை வேறு விஷயத்தோடு வருகிறேன். வரட்டுமா?